சத்தியம் வாங்காமல் அனுப்புகிறேன்

தம்பி,

நாளைக்கு வட்டகொடை ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றிவிடும்போது நான் வாயைத் திறக்கப்போவதில்லை. திறந்தால் அழுதுவிடுவேன். அழுதால் உங்கப்பா, “இந்தா, ஆரம்பிச்சுட்டா” என்று ஸ்டேஷனுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அதனால் சொல்ல வேண்டியதை இன்றைக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைக் காம்பராவில் குஞ்சுகள் எல்லாம் பால் குடித்துவிட்டுத் தூங்குகின்றன. தாய்மார் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை இதுகளைப் பார்த்துக்கொள்ளத்தானே தேயிலைத் தோட்டம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஒன்று சிணுங்கினாலும் பேனாவை வைத்துவிட்டு ஓட வேண்டும். நடுவில் எங்கேயாவது தொடர்பு விட்டுப்போனால் அம்மாவைக் கிண்டல் பண்ணாதே. “எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுங்கம்மா, நம்ம வீட்டுல மட்டுமா இது நடக்குது” என்று சொன்னவன் நீதான். நாளைக்கு யாராவது வாசித்துவிட்டு உச்சுக்கொட்டினால் அதற்கும் நீயே பொறுப்பு.

நேற்று நீ பேக்கரியில் கணக்கு முடிக்கப் போயிருந்தபோது என் அண்ணன் வந்தார். கையில் சூடப் பொட்டலம். “புள்ள மறுபடியும் கொழும்புக்குப் போறான்ல, போறதுக்கு முன்னால முனி கோயில்ல சூடத்த அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிட்டுப் போகட்டும். நாளைக்கு நாலு பேரு கேட்டா நமக்கும் சொல்றதுக்கு இருக்கும்” என்றார். “அண்ணே, டீயக் குடிங்க. சத்தியமெல்லாம் வேணாம்” என்றேன். அவருக்கு முகம் உப்பிவிட்டது. அரை டீயோடு எழுந்து போய்விட்டார். இதற்குள் லயத்து வீடுகள் பூராவும் தெரிந்திருக்கும், பெற்றவளே பிள்ளையைக் கெடுத்து அனுப்புகிறாள் என்று. பேசட்டும். உன் மாமா கெட்டவர் இல்லை, உன்மேல் உயிர்தான். ஆனால் உன்னைக் குடு என்கிற போதைத் தூள் பாதி கொன்றது என்றால், மீதிப் பாதியைக் கொல்லப் பார்த்தது அந்தச் சத்தியம்தான் என்பது அவர் மண்டையில் இன்னும் ஏறவில்லை. எனக்கே எவ்வளவு லேட்டாக ஏறியது!

நீ முதல் முறை கொழும்புக்குப் போனபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கடையில் வேலை, தீபாவளிக்குப் புதுச் சட்டை, கையில் ஃபோன். பிறகு ஒரு முறை வந்தாய், கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய். அடுத்த முறை வந்தபோது கடைக்காரர் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். காரணத்தை ஃபோனில் அவரே அப்பாவிடம் சொன்னார். குடி என்றால் நம் தோட்டத்துக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்தவனைத் திட்டுவோம், தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்போம், தூங்கவிடுவோம், மறுநாள் அவனும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விடுவான். குடு என்பது எங்களுக்குப் புதிது. வீட்டுக்குள் நீ நடுங்குகிறாய், எலும்பு நோகிறது என்று அலறுகிறாய், வாந்தி, வயிற்றாலை. இதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே பொலிஸ் வரும் என்றுதான் நினைத்தோம். கேட்டவர்களிடம் உனக்கு மஞ்சள்காமாலை என்று நான் சொல்லிவைத்தேன். சும்மா விடுவார்களா நம் ஆட்கள்! ஆளாளுக்குக் கீழாநெல்லி பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரைத்தது வீணாகக்கூடாதே என்று உனக்குப் புகட்டினேன். “அம்மா, நீங்க சொன்ன பொய்ய நான் எதுக்கும்மா குடிக்கணும்” என்று அந்த நடுக்கத்திலும் கேட்டாயே, பாவி. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

நடுக்கம் அடங்கியதும் மாமா சொன்ன வழி சத்தியம். அதுவும் சும்மா இல்லை, ரோதமுனிக்கு முன்னால். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: தேயிலை ஸ்டோரில் சுற்றுகிற இயந்திரச் சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அதைக் காவல் காக்கிற சாமிதான் ரோதமுனி. ஸ்டோரில் யாருக்கும் கைகால் போகாமல் பார்த்துக்கொள்வது அவர். பொய்ச் சத்தியம் பண்ணினால் கையை எடுத்துவிடுவதும் அவர்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாமா சூடத்தைக் கொளுத்தி வைத்து, “இனிமே தொடமாட்டேன்னு சொல்லி அணைடா. நெனவு வச்சுக்க, ஒங்கப்பன் கை தெனமும் அந்த ரோதைக்கிட்டதான் போயிட்டு வருது” என்றார். நீ சொன்னாய். அடித்து அணைத்தாய். நான் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பொங்கல் வைத்தோம், எல்லாருக்கும் கொடுத்தோம். இத்தோடு தொல்லை தீர்ந்தது என்று எனக்கு அன்றைக்கு அப்படியொரு நிம்மதி.

தொல்லை எங்கே தீர்ந்தது! கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தாய். அப்புறம் தலவாக்கலையில் பழைய கூட்டாளி ஒருவனைப் பார்த்தாய், ஒரு தடவை தவறிவிட்டாய். அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தால் நான் உன்னை வெளக்குமாற்றால் நாலு சாத்துச் சாத்திவிட்டு, பிறகு எங்கேயாவது வைத்தியம் தேடி அலைந்திருப்பேன். நீ சொல்லவில்லை. எப்படிச் சொல்வாய்? சொன்னால் சத்தியம் உடைந்தது என்று ஆகிவிடும், அப்பா கை போய்விடும். அந்த நாட்களில் அப்பா ஸ்டோரிலிருந்து வந்ததும் நீயே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றுவாய். “பாத்தியாடி, மகன் திருந்திட்டான்” என்று அவர் உள்ளே வந்து கிசுகிசுப்பார். நானும் பூரித்துப்போவேன். நீயோ அங்கே அவருடைய விரல்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய். இதை நீ பிறகுதான் சொன்னாய். பெற்ற பிள்ளை எங்கள் கண் முன்னால் தனியாகப் பயந்து செத்துக்கொண்டிருந்தான், நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அந்த மத்தியானம். பிள்ளைக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த செல்வி வாசலிலேயே நின்று, “அக்கா, ஒங்க மகன் செருப்பு பம்ப் ரூம் வாசல்ல கெடக்கு. உள்ளாற கொறட்டச் சத்தம் கேக்குது” என்றாள். பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் மாமாவும் வந்துவிட்டார். எட்டிப் பார்த்துவிட்டு, “போதையில தூங்குறான். தெளிஞ்சா தானா எந்திரிப்பான், தண்ணிய ஊத்து” என்றார். குடித்தவனுக்குச் செய்கிற வைத்தியம் அது. நானும் கதவைச் சாத்திவிட்டு வந்திருப்பேன், தம்பி. ஆனால் அது தூங்குகிறவன் குறட்டை இல்லை. விட்டு விட்டு, கொளகொளவென்று, தொண்டைக்குள் எதையோ இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். கிட்டே போய்ப் பார்த்தால் உன் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்திருந்தது. புரையேறிய பிள்ளைக்கு உதடு அப்படி ஆவதை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு நின்றால் ஊதுவது எப்படி என்று பிள்ளைக் காம்பரா ஆயாக்களுக்கு ஒரு முறை பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பொம்மையைப் பார்த்து நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தலையை அண்ணாத்தி, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினேன். ஊதுவதற்கு நடுவில் உன்னைத் திட்டவும் செய்தேன். என்னவெல்லாம் திட்டினேன் என்று இதில் எழுத முடியாது, நாலு பேர் வாசிக்கிற கடிதம். மாமா ஓடிப்போய்க் கொழுந்து லொறியை மறித்தார். அவரைத் திட்டுகிற நேரத்தில் இதையும் சொல்ல வேண்டும், செருப்பு இல்லாமல் ரோட்டு வரைக்கும் அவர் ஓடிய ஓட்டம் யாருக்கும் வராது. லொறிக்காரர் ஒரு சிங்கள ஆள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நகின்ன, நகின்ன”, ஏறுங்கள் ஏறுங்கள் என்று பின்கதவைத் திறந்துவிட்டார். கொழுந்துச் சாக்குமேல் உன்னைக் கிடத்தி, வழி நெடுக நான் ஊதிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, நீ கண்ணைத் திறந்தாய்.

திறந்ததும் என்ன கேட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. “அப்பா கை இருக்காம்மா?” என்று கேட்டாய். எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். விளங்கியது மாமாவுக்குத்தான். சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அப்பா ஸ்டோரிலிருந்து அதே உடுப்போடு, தேயிலைத் தூசு படிந்த தலையோடு வந்து சேர்ந்தபோது நீ மறுபடியும் அதையே கேட்டாய். அவர் இரண்டு கையையும் உன் மூஞ்சிக்கு நேரே விரித்துக் காட்டினார். “இந்தா பாரு. பத்து வெரலும் பத்தரமா இருக்கு. முனிக்கு நூறு சோலி கெடக்கு, ஒன் சத்தியத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க அவருக்கு நேரமில்ல” என்றார். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் வந்து நாலு கேள்வி கேட்டார், எழுதிக்கொண்டு போனார். அவ்வளவுதான். அந்தப் பயத்துக்காகவா வீட்டுக்குள் வைத்துக் கீழாநெல்லி கொடுத்தோம் என்று இருந்தது.

அந்தச் சிங்கள டொக்டரம்மாவை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி எனக்கு விளங்கும்படி சொன்னார். “அம்மா, கொஞ்ச நாள் நிப்பாட்டின உடம்பு புதுசு மாதிரி. பழைய அளவு எடுத்தா தாங்காது. மூச்சு நிக்கும். நெறைய பேரு இப்பிடித்தான் சாகுறது.” நான் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. “இது வருத்தம் அம்மா, ஒரு நோய். மருந்து இருக்கு, கிளினிக் இருக்கு. திரும்ப தூள் பாவிச்சா ஒளிக்க வேணாம். பாவிச்ச அன்னைக்குத்தான் கட்டாயம் வரணும்” என்றார். நம் சாமி கோயிலில் தப்புப் பண்ணினவன் உள்ளே வரக்கூடாது என்கிறோம். இந்த அம்மா தப்புப் பண்ணின அன்றைக்குத்தான் வரச்சொல்கிறார். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

டொக்டரம்மா சொன்ன சிகிச்சை நிலையத்துக்கு உன்னை அனுப்புவதற்கு முன்னால் அப்பா ஒரு வேலை செய்தார். நீ அப்போது வார்டில் இருந்தாய், பார்க்கவில்லை. ஸ்டோருக்குப் போகிற வழியில், வேலையாட்கள் எல்லாரும் பார்க்க, ரோதமுனிக்கு முன்னால் அவரே சூடம் கொளுத்தினார். “முனி, எம் மகன் ஒனக்குக் குடுத்த வாக்க நான் திருப்பி வாங்கிக்கிறேன். அவன் ஒனக்கு ஒன்னும் பாக்கியில்ல. கேக்குறதா இருந்தா என்னையக் கேளு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சூடம் தானாக எரிந்து முடியும்வரை கைகட்டி நின்றார்.  பிறகு நேரே உள்ளே போய்க் கொழுந்து உருட்டுகிற ரோலரில் வேலையைத் தொடங்கினார். அவருக்குப் பயம் இல்லாமல் இல்லை, தம்பி. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவும்போது அவரும்தான் விரலைப் பார்த்தார்.

சிகிச்சை நிலையத்தில் எல்லாம் நல்லவர்கள்தான். ஆனால் தமிழ் பேச ஒருத்தர் இல்லை. குடும்பத்தோடு பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது, எனக்குச் சிங்களம் சந்தைக்கு மட்டும்தான் காணும், உள்ளத்தில் இருப்பதைச் சொல்லக் காணாது. கடைசியில் யார் மொழிபெயர்த்தது? நோயாளியே! நான் உன்னைப் பற்றி ஆத்திரமாகக் கொட்டுகிறேன், நீ அதைச் சிங்களத்தில் சொல்கிறாய், ஆலோசகர் ஐயா புன்னகையோடு தலையாட்டுகிறார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. “டேய், நான் சொன்னதத்தான் சொன்னியா?” என்று கேட்டேன். “பாதி சொன்னேம்மா, மீதி சொன்னா என்னைய இங்கேயே வச்சுக்குவாங்க” என்றாய். அந்த அறையில் நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஐயாவும் காரணம் தெரியாமல் சிரித்தார். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் மலையில் எத்தனை தாய்க்கு இந்த நிலைமை! பிள்ளைக்கு வந்த வருத்தத்தைப் பிள்ளையிடமே கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வது நியாயமா? அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது இதை டொக்டரம்மாவிடம் சொன்னேன். இப்போது கிளினிக் நாளில் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி வருகிறார். கிளினிக் வராந்தாவில் வேறு தோட்டத்துத் தாய்மார் அவரைச் சுற்றி நின்று வாய் ஓயாமல் பேசுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு குளிர்ந்துபோகிறது.

இப்போது நீ இருக்கிற இருப்பைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்று உன்னிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்ற பயம். பேக்கரி வேலைக்குப் போனதிலிருந்து கன்னம் வைத்துவிட்டது. சட்டையெல்லாம் மாவு வாசம். சூட்டோடு பாண் கொண்டுவந்து தருகிறாய், அப்பா பருப்புக்குக்கூடக் காத்திருக்காமல் பிய்த்துத் தின்கிறார். மாமா வீட்டுப் பிள்ளைகள் உன் பணிஸுக்காகச் சனிக்கிழமை எப்போது வரும் என்று கேட்கிறார்கள். நடுவில் ஒரு முறை நீ தவறியதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நீயே வந்து சொன்னாய். வாசலில் நின்று, “அம்மா, இன்னைக்கு கிளினிக் போகணும், நீங்களும் வாங்க” என்றாய். நான் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு என் பேர், ஒரு நாள் சம்பளம், போனது, போகட்டும். பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. என் பிள்ளை என்னைத் தேடி வந்துவிட்டான் என்றுதான் இருந்தது.

கொழும்பு பேக்கரியில் நல்ல வேலை, நல்ல முதலாளி என்கிறாய். சந்தோஷமாகப் போ. ஆனால் போனதும் முதல் வேலையாக அங்கேயுள்ள கிளினிக்கில் டொக்டரம்மா கொடுத்த துண்டுச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டு. மண்டையிடி என்றால் கடையில் மாத்திரை வாங்குவாயே, அதைப்போல் இதுவும் ஒரு வருத்தம் என்று நினைத்துக்கொண்டு போ. உன்னோடு அறையில் தங்குகிற பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லிவை. வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாள் உன்னை எழுப்பி நீ எழும்பாவிட்டால், தூங்குகிறான் என்று விட்டுவிடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, ஊதி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஊதுவதற்கு நான் இருக்கமாட்டேனே. உடம்பு இப்போது புது உடம்பு, பழைய அளவு அதற்கு விஷம் என்பதை மறக்காதே. எந்த நாளும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாக மட்டும் இருக்காதே, ராசா. 

ஃபோன் எடுக்கும்போதெல்லாம் “தொட்டியா, தொட்டியா” என்று கேட்டு நான் உன் உயிரை வாங்கமாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன், மழையா என்று கேட்பேன். எந்தக் கோயிலுக்கு முன்னாலும் உன்னை நிறுத்தமாட்டேன், என் தலையிலும் கைவைக்கச் சொல்லமாட்டேன். நல்ல பிள்ளை என்ற பேரோடு நீ எங்கேயோ செத்துக்கிடப்பதைவிட, ஊர் முழுக்கக் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பது எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

பிள்ளைக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லி வளர்த்தவள் இதை எழுதக்கூடாதுதான். ஆனாலும் எழுதுகிறேன், எல்லாரும் வாசிக்கட்டும். நீ உண்மை பேச வேண்டும், உயிரோடும் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்கிற மாதிரி ஒரு நாள் வந்து, நடந்ததைச் சொல்ல வாய் வராவிட்டால், பொய் சொல், தம்பி. வாய் கூசாமல் சொல். “சும்மா காய்ச்சல்தாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும், தனியா போகப் பயமா இருக்கு” என்று சொல். நான் அதை அப்படியே நம்பினவள் மாதிரி அடுத்த ரயிலில் ஏறி வந்துவிடுவேன்.

அம்மா